ஜெர்ஸியில் இருக்கும் பெயர் யாருடையது? விளையாட்டு ஸ்பான்சர்ஷிப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அணியின் நெஞ்சில் ஒரு நிறுவனம், தோள்பட்டையில் இன்னொன்று, மைதானத்தின் பெயரில் மூன்றாவது, கோப்பையின் பெயரில் நான்காவது. இந்தப் பணம் எங்கிருந்து வருகிறது, கொடுப்பவர் எதை எதிர்பார்க்கிறார், ஆட்டத்துக்கு என்ன ஆகிறது என்று ரசிகர்கள் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் தர முயன்றிருக்கிறேன்.

ஸ்பான்சர்ஷிப்பும் விளம்பரமும் ஒன்றுதானே?

இல்லை. ஆட்டத்தின் இடைவேளையில் ஓடும் விளம்பரத்துக்குக் கொடுக்கும் காசு ஒளிபரப்பு நிறுவனத்துக்குப் போகிறது. அந்த 30 விநாடி முடிந்ததும் கணக்கும் முடிந்தது. அமெரிக்காவின் சூப்பர் பௌல் இறுதி ஆட்டத்தில் அந்த 30 விநாடிக்கு 2025இல் 80 லட்சம் டாலர் வரை கேட்டார்கள் என்றாலும், அதுவும் நேரத்தை விலைக்கு வாங்குவதுதான்.

ஸ்பான்சர் பணத்தை அணிக்கோ தொடருக்கோ வீரருக்கோ நேரடியாகக் கொடுக்கிறார். பதிலுக்கு அவர் பெறுவது, "இவர்கள் நம் அணியோடு இருப்பவர்கள்" என்று ரசிகர் மனதில் விழும் எண்ணம். குழந்தைப் பருவத்திலிருந்து ஓர் அணியை நேசிப்பவர், அதன் ஜெர்ஸியில் உள்ள பெயரைக் கடையில் பார்க்கும்போது அறியாமலே கொஞ்சம் நெருக்கம் கொள்கிறார். விற்பனைக்கு வருவது அந்த நெருக்கம்தான். அதை உருவாக்கியவர் ரசிகர். ஆனால் ஒப்பந்த மேசையில் அவருக்கு நாற்காலி கிடையாது. இந்தப் பக்கத்தை எழுதக் காரணமே அதுதான்.

ஜெர்ஸியில் நிறுவனத்தின் பெயர் எப்போது வந்தது?

சைக்கிள் பந்தயத்தில் வெகு முன்பே வந்துவிட்டது. பந்தயங்களே வியாபாரத்துக்காகத் தொடங்கப்பட்டவை. 1903இல் டூர் டி பிரான்ஸைத் தொடங்கியது லோட்டோ என்ற பத்திரிகை. பிரதிகள் கூடுதலாக விற்க வேண்டும் என்பதே நோக்கம். அந்தப் பத்திரிகை மஞ்சள் தாளில் அச்சானது. முதலிடத்தில் இருப்பவர் அணியும் சட்டையும் மஞ்சள். இத்தாலியின் ஜீரோ பந்தயத்தைத் தொடங்கிய பத்திரிகையின் தாள் இளஞ்சிவப்பு, அங்கே சட்டையும் இளஞ்சிவப்பு. அணிகளை நடத்தியவர்கள் சைக்கிள் தயாரிப்பாளர்கள். அவர்களுடைய விற்பனை சரிந்த 1954இல், ஃபியோரென்சோ மாக்னி என்ற இத்தாலிய வீரர் நிவியா முக க்ரீம் நிறுவனத்தை ஸ்பான்சராகக் கொண்டுவந்தார். சைக்கிளுக்குச் சம்பந்தமே இல்லாத பொருள் என்று அன்று எதிர்ப்பு கிளம்பியது. இன்று அந்த விளையாட்டில் பெரும்பாலான அணிகளின் பெயரே ஸ்பான்சரின் பெயர்தான். ஸ்பான்சர் போனால் பெயர் போகும், சில சமயம் அணியே கலைந்துபோகும்.

கால்பந்தில் கதை வேறு. 1973இல் ஜெர்மனியின் பிரவுன்ஷ்வைக் கிளப், யேகர்மைஸ்டர் என்ற மதுபான நிறுவனத்தின் சின்னத்தைச் சட்டையில் போட விரும்பியது. ஜெர்மன் கால்பந்துச் சங்கம் மறுத்தது. கிளப் என்ன செய்தது தெரியுமா? தன் சின்னமான சிங்கத்தையே எடுத்துவிட்டு, யேகர்மைஸ்டரின் மான் தலையைக் கிளப்பின் சின்னமாக அறிவித்தது. கிளப் சின்னத்தைச் சட்டையில் போடக் கூடாது என்று யாரும் சொல்ல முடியாதே! அதே ஆண்டு சங்கம் இறங்கிவந்தது. இங்கிலாந்தில் 1976இல் கெட்டரிங் டவுன் என்ற சிறிய கிளப் "கெட்டரிங் டயர்ஸ்" என்று எழுதிக்கொண்டு இறங்கியது. எடுக்கச் சொன்னதும் டயர்ஸின் முதல் எழுத்தான 'டி'யை மட்டும் விட்டுவைத்து, அது டவுனைக் குறிக்கிறது என்று வாதாடினார்கள். அந்த வாதம் எடுபடவில்லை. ஆனால் சில ஆண்டுகளுக்குள் பெரிய கிளப்புகள் எல்லாம் அதே வழிக்கு வந்தன. 1979இல் லிவர்பூல் சட்டையில் ஹிட்டாச்சி ஏறியது.

அமெரிக்காவின் என்பிஏ கூடைப்பந்து லீக் 2017 வரை காத்திருந்தது. அப்போதும் இரண்டரை அங்குலச் சதுரம் மட்டுமே. அந்தச் சின்னச் சதுரம் வந்தபின் பேஸ்பால், ஐஸ் ஹாக்கி எல்லாம் பின்தொடர்ந்தன.

விளம்பரமே வேண்டாம் என்று இருந்தவர்கள் யாராவது உண்டா?

பார்சிலோனாதான் பெரிய எடுத்துக்காட்டு. நூறு ஆண்டுகளுக்கு மேலாக அதன் நெஞ்சில் எந்த நிறுவனத்தின் பெயரும் இல்லை. 2006இல் முதல்முறையாக ஒரு பெயர் ஏறியது: ஐ.நா.வின் குழந்தைகள் அமைப்பான யுனிசெஃப். அதற்குக் கிளப் பணம் வாங்கவில்லை, ஆண்டுக்கு 15 லட்சம் யூரோ கொடுத்தது. விளையாட்டுலகம் மெச்சியது, நியாயமாகவே. ஆனால் நான்கே ஆண்டுகளில் கத்தார் ஃபவுண்டேஷனுடன் பருவத்துக்கு 3 கோடி யூரோ ஒப்பந்தம் வந்தது. பிறகு கத்தார் ஏர்வேஸ், ரகுட்டன், 2022இல் ஸ்பாட்டிஃபை. இந்த முறை மைதானத்தின் பெயரிலும் சேர்ந்து. யுனிசெஃப் பெயரை ஏற்றியபோது மனத்தடை உடைந்துவிட்டது, அடுத்து வந்தவர்களுக்கு வேலை எளிதாகிவிட்டது என்றே நினைக்கிறேன்.

இன்றும் கட்டுப்பாட்டோடு இருப்பவை விம்பிள்டன் டென்னிஸும் அகஸ்டாவில் நடக்கும் மாஸ்டர்ஸ் கோல்ஃபும். விம்பிள்டன் மைதானங்களைச் சுற்றி விளம்பரப் பலகைகள் நிறைந்திருக்காது; ஆனால் 1902 முதல் பந்து ஸ்லேசெஞ்சருடையது. மாஸ்டர்ஸ் ஒளிபரப்பில் விளம்பர நேரத்தையே குறைத்து வைத்திருக்கிறார்கள். இதனால் இவை ஏழையாகிவிடவில்லை. எல்லா இடத்தையும் விற்காததே அவற்றின் மதிப்பைக் கூட்டுகிறது. மற்ற விளையாட்டு நிர்வாகிகள் இதைக் கவனித்துப் படித்தால் நல்லது.

ஒப்பந்தத்தில் பொதுவாக என்ன எழுதியிருக்கும்?

தொகை, எத்தனை ஆண்டு, சின்னம் எங்கே எவ்வளவு பெரிதாக என்பதெல்லாம் இருக்கும். உண்மையான விலை இருப்பது தனியுரிமையில். ஒரு குளிர்பானம் ஸ்பான்சர் என்றால் வேறு குளிர்பானம் உள்ளே வர முடியாது. வங்கி, விமானம், டயர், கைக்கடிகாரம் என்று ஒவ்வொரு வகையையும் தனித்தனியாக விற்பதால்தான் ஒரே கிளப்புக்கு முப்பது நாற்பது 'பார்ட்னர்கள்' இருக்கிறார்கள். கோப்பை வென்றால் கூடுதல் தொகை, கீழ் டிவிஷனுக்கு இறங்கினால் குறைவு என்றும் இருக்கும். வீரர் பெயர் கெட்டால் விலகிக்கொள்ளும் ஒழுக்க விதி அநேகமாக எல்லாவற்றிலும் உண்டு. அதே விதி எதிர்த்திசையில், நிறுவனத்தின் பெயர் கெட்டால் கிளப் விலகலாம் என்று, எழுதப்படுவது குறைவு. அது ஏன் தேவை என்று அடுத்த பதில் சொல்லும்.

மைதானத்தின் பெயரை விற்றபின் அந்த நிறுவனம் மூழ்கினால்?

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் பேஸ்பால் அணியின் மைதானத்துக்கு என்ரான் 30 ஆண்டுகளுக்குத் தன் பெயரை வைத்தது. தொகை 10 கோடி டாலர். 2001 டிசம்பரில் என்ரான் திவாலானது. ஏமாற்றுக்கணக்குக்கு உலகப் பெயர் பெற்ற நிறுவனத்தின் பெயரைக் கழற்ற, அணியே 21 லட்சம் டாலர் கொடுத்து அதைத் திரும்ப வாங்க வேண்டியிருந்தது. இருபது ஆண்டு கழித்து மயாமியில் அதே கதை. எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ நிறுவனம் 2021இல் 19 ஆண்டுகளுக்கு 13.5 கோடி டாலர் ஒப்பந்தம் போட்டது. 2022 நவம்பரில் திவாலானது.

அவசரமாகப் பெயர் பெற விரும்பும் புதிய நிறுவனங்கள்தான் சந்தை விலையைவிட அதிகம் தருகின்றன. அதிகம் தருகிறார்கள் என்பதே ஓர் எச்சரிக்கை. அந்தப் பெயரை நம்பிப் பணத்தைப் போட்ட ரசிகர்களுக்கு இழப்பீடு தரும் பொறுப்பை எந்த மைதானமும் ஏற்பதில்லை.

ஒலிம்பிக் மைதானத்தில் விளம்பரப் பலகை இல்லையே, அப்படியென்றால் ஸ்பான்சர் இல்லையா?

தாராளமாக உண்டு. கோக்க கோலா 1928 ஆம்ஸ்டர்டாம் போட்டியிலிருந்து இருக்கிறது. 1976 மான்ட்ரியல் போட்டி விட்டுச்சென்ற கடனை அடைக்க முப்பது ஆண்டு பிடித்தது. அதைப் பார்த்து நகரங்கள் பின்வாங்கிய நேரத்தில், 1984 லாஸ் ஏஞ்சலஸ் போட்டி குறைந்த எண்ணிக்கையில் பெரிய ஸ்பான்சர்களைச் சேர்த்து, 20 கோடி டாலருக்கு மேல் உபரி காட்டியது. மறு ஆண்டே சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி அதே முறையில், வகைக்கு ஒருவர் என்று உலக ஸ்பான்சர்களைச் சேர்க்கும் திட்டத்தை உருவாக்கியது.

மைதானத்துக்குள் பலகை வைக்காதது ஒலிம்பிக்கின் அழகு. ஐந்து வளையங்களைத் தன் பொட்டலத்தில் போட்டுக்கொள்ளும் உரிமையைத்தான் ஸ்பான்சர் வாங்குகிறார். ஆனால் அந்தக் கோடு மெல்ல அழிகிறது. 2024 பாரிஸில் பதக்கங்கள் லூயி வித்தோன் தட்டில் வந்தன. மேடையில் நின்ற வீரர்கள் சாம்சங் போனில் செல்ஃபி எடுத்தார்கள்.

ஸ்பான்சர் ஆகாமலே விளம்பரம் தேடிக்கொள்ள முடியுமா?

முடியும், பலர் செய்கிறார்கள். 1996 கிரிக்கெட் உலகக் கோப்பையில் அதிகாரபூர்வ பானம் கோக். பெப்சி ஒரு ரூபாய்கூட உரிமைத்தொகை கட்டாமல், "எங்களிடம் அதிகாரபூர்வமாக எதுவும் இல்லை" என்பதையே பெருமையாகச் சொல்லி விளம்பரம் செய்தது. போட்டி முடிந்தபின் ரசிகர்கள் நினைவில் அதிகம் நின்றது அதுதான்.

2010 கால்பந்து உலகக் கோப்பையில் நெதர்லாந்து ஆடியபோது 36 பெண்கள் ஒரே மாதிரி ஆரஞ்சு உடையில் வந்து அமர்ந்தார்கள். அந்த உடை பவேரியா என்ற பீர் நிறுவனத்தின் விளம்பரத்துக்கானது. அதிகாரபூர்வ பீரோ பட்வைசர். அவர்களை வெளியேற்றினார்கள், இருவர்மேல் வழக்கே போட்டார்கள், பிறகு கைவிட்டார்கள். அதற்கு முந்தைய உலகக் கோப்பையில் இதே நிறுவனம் கொடுத்த ஆரஞ்சுக் கால்சட்டையைக் கழற்றச் சொன்னதால் சில ஆண்கள் உள்ளாடையோடு ஆட்டம் பார்த்தார்கள். ஸ்பான்சரின் தனியுரிமையைக் காக்க வேண்டும் என்பது சரி. அதற்காக டிக்கெட் வாங்கி வந்தவரின் உடையில் கைவைப்பது எல்லை மீறல். 2010இல் வெளியேற்றியதால்தான் அந்த பீரின் பெயர் உலகச் செய்தியே ஆனது.

அணியின் ஸ்பான்சரும் வீரரின் ஸ்பான்சரும் மோதினால் என்ன ஆகும்?

1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்கக் கூடைப்பந்து அணி பரிசு வாங்கும்போது அணிய வேண்டிய உடை ரீபாக்குடையது. மைக்கேல் ஜோர்டான் நைக்கியின் முகம். அவர் தேசியக் கொடியைத் தோளில் போர்த்தி ரீபாக் சின்னத்தை மறைத்துக்கொண்டு மேடை ஏறினார். 2021இல் கிறிஸ்டியானோ ரொனால்டோ, ஐரோப்பியக் கோப்பைச் செய்தியாளர் சந்திப்பில் தன் முன்னால் இருந்த கோக் பாட்டில்களை ஒதுக்கிவைத்துத் தண்ணீர் குடிக்கச் சொன்னார். பவுல் போக்பா பீர் பாட்டிலை எடுத்துக் கீழே வைத்தார். பாட்டில்களை நகர்த்தாதீர்கள் என்று அமைப்பாளர்கள் அணிகளுக்கு நினைவூட்ட வேண்டியதாயிற்று.

பெரிய நட்சத்திரங்களுக்கு இது நடக்கும். மற்றவர்களுக்கு விலை அதிகம். 800 மீட்டர் ஓட்ட வீரர் நிக் சிம்மண்ட்ஸ், அணி நிகழ்ச்சிகள் எல்லாவற்றிலும் நைக்கி உடையே அணிவேன் என்று கையெழுத்திட மறுத்ததால் 2015 உலகச் சாம்பியன்ஷிப் அமெரிக்க அணியில் இடம் இழந்தார். ஒலிம்பிக் சமயத்தில் சொந்த ஸ்பான்சரைப் பற்றி வீரர் வாய் திறக்கக் கூடாது என்ற 40ஆம் விதி நெடுங்காலம் இருந்தது. 2019இல் ஜெர்மனியில் வணிகப் போட்டியைக் கண்காணிக்கும் அரசு அமைப்பு தலையிட்ட பிறகே அது தளர்ந்தது.

வீரர்களுக்கு இந்தப் பணம் நியாயமாகப் போய்ச் சேருகிறதா?

கிளப் சம்பளம் வாங்கும் விளையாட்டுகளில் ஓரளவு. தடகளம் போன்றவற்றில் ஷூ நிறுவனம் தரும் தொகைதான் சம்பளமே. அங்கே ஒப்பந்தத்தின் சின்ன எழுத்துகள் வாழ்க்கையை ஆட்டிவைக்கும். தரவரிசை இறங்கினாலோ, குறித்த எண்ணிக்கையில் பந்தயம் ஓடாவிட்டாலோ தொகை குறையும். கர்ப்பத்தையும் காயத்தைப் போலவே கணக்கிட்டார்கள்.

2019இல் அல்லிசன் ஃபீலிக்ஸ் இதை வெளிப்படையாக எழுதினார். ஆறு ஒலிம்பிக் தங்கம் வென்றவர், குழந்தை பெற்றபின் நைக்கி முன்பு கொடுத்ததைவிட 70 சதவீதம் குறைவாகத் தர முன்வந்தது என்றார். அவருக்கு முன் ஓட்ட வீராங்கனை அலிஷியா மொன்டானோ பேசியிருந்தார். சில மாதங்களில் நைக்கி தன் கொள்கையை மாற்றியது: கர்ப்பத்தை ஒட்டிய 18 மாதங்களுக்குத் தொகை குறையாது. ஃபீலிக்ஸ் திரும்பிப் போகவில்லை. டோக்கியோவில் தன் சொந்த பிராண்ட் ஷூவோடு ஓடிப் பதக்கம் வென்றார். வாய்ப்பூட்டு விதிகளை மீறிப் பேசிய அந்தத் துணிச்சலுக்கு விளையாட்டு உலகம் நிறையக் கடன்பட்டிருக்கிறது.

புகையிலை, மது, சூதாட்டப் பணத்தை ஏற்கலாமா?

இதற்கு எளிதாகப் பதில் சொல்பவர்கள் 1970ஐ நினைத்துப் பார்க்க வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் டென்னிஸ் போட்டியில் ஆண்கள் சாம்பியனுக்கு 12,500 டாலர், பெண்கள் சாம்பியனுக்கு 1,500. பில்லி ஜீன் கிங் உள்ளிட்ட ஒன்பது வீராங்கனைகள் ஆளுக்கு ஒரு டாலர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுத் தனிப் போட்டி நடத்தினார்கள். வேறு யாரும் முன்வராத அந்த நேரத்தில் பணம் கொடுத்தது வர்ஜீனியா ஸ்லிம்ஸ். பெண்களைப் புகைபிடிக்க வைப்பதற்கென்றே விற்கப்பட்ட சிகரெட் அது. இன்றைய மகளிர் டென்னிஸ் அந்தப் பணத்தில் எழுந்தது. அதே பணம் எத்தனை பெண்களின் நுரையீரலைக் கெடுத்தது என்பதும் உண்மைதான். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

ஃபார்முலா ஒன்னில் 1968இல் லோட்டஸ் அணி கார் முழுவதையும் சிகரெட் பெட்டியின் நிறத்தில் பூசியது. 2005இல் புகையிலை விளம்பரத்துக்கு ஐரோப்பிய ஒன்றியத் தடை வந்தது. அதன்பின் ஃபெராரி காரில் மார்ல்பரோ சிகரெட்டின் பெயருக்குப் பதில் கோடுகோடாக ஒரு பார்கோடு இருந்தது. வேகமாகப் போகும்போது அது எதை நினைவூட்டுகிறது என்று மருத்துவர்கள் கேட்டார்கள். 2010இல் அதையும் எடுத்தார்கள். சட்டம் இல்லாமல் இந்தப் பணம் தானாக வெளியேறியது மிக அரிது.

இப்போதைய சிக்கல் சூதாட்டம். இது புகையிலையைவிட ஆழமானது என்பேன், ஏனென்றால் விற்கப்படும் பொருள் ஆட்டமேதான். ஆட்டத்தின் முடிவில் பணம் கட்டச் சொல்பவரே ஆட்டத்துக்குப் படியளப்பவராக இருப்பது, ஆட்டத்தின் நேர்மைமீதே கல் எறிவது. இத்தாலி 2018இல் சூதாட்ட விளம்பரங்களைத் தடைசெய்யச் சட்டம் இயற்றியது. ஸ்பெயின் 2021 முதல் ஜெர்ஸியிலிருந்து அகற்றியது. இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கிளப்புகள் 2025–26 பருவத்தோடு சட்டையின் முன்பக்கத்திலிருந்து எடுக்க ஒப்புக்கொண்டன. ஆனால் சட்டைக் கையில் போடலாம், மைதானப் பலகையில் ஓடலாம். அங்கே குழந்தைகளுக்கு விற்கும் ஜெர்ஸியில் சூதாட்டப் பெயர் வெகுகாலமாகவே இல்லை. குழந்தை போடக் கூடாத பெயரைக் குழந்தையின் நாயகன் மட்டும் போடலாம் என்பது எனக்கு விளங்கவில்லை. இந்தியாவில் 2025 ஆகஸ்டில் பணம் கட்டி ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளுக்குத் தடை வந்ததும், தேசியக் கிரிக்கெட் அணியின் ஸ்பான்சரான ட்ரீம் லெவன் விலகியது. அடுத்து வந்த ஆசியக் கோப்பையில் அணி நெஞ்சில் ஸ்பான்சர் பெயர் இல்லாமலே ஆடி, வென்றும் வந்தது.

வீரர் தவறு செய்தால் ஸ்பான்சர் போய்விடுவாரா?

பெரும்பாலும், வெகு வேகமாக. சைக்கிள் வீரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங்கின் ஊக்கமருந்துப் பயன்பாடு பற்றிய அறிக்கை 2012 அக்டோபரில் வெளியான சில நாட்களில் நைக்கி உட்படப் பலர் விலகினர். வேறொரு சைக்கிள் அணியின் ஸ்பான்சரான ரபோபேங்க் என்ற வங்கி தொழில்முறைச் சைக்கிள் பந்தயத்திலிருந்தே வெளியேறியது. ஆம்ஸ்ட்ராங்கின் அணிக்கு முன்பு ஸ்பான்சராக இருந்த அமெரிக்கத் தபால் துறை அரசு அமைப்பு என்பதால் வழக்கு நடந்து, 2018இல் 50 லட்சம் டாலருக்குச் சமரசம் ஆனது.

பணம் தருபவர்கள் ஆட்டத்தையே மாற்றுகிறார்களா?

நேரத்தை மாற்றுகிறார்கள். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் நீச்சல் இறுதிகள் காலையில் நடந்தன, அமெரிக்காவில் அது மாலை நேர டிவி. ஐபிஎல் 2009இல் கொண்டுவந்த இடைவேளைக்கு வியூகம் என்று பெயர் வைத்தாலும் விளம்பரத்துக்கு அது உதவியது எல்லோருக்கும் தெரிந்ததே. எப்போதும் ஸ்பான்சர்தான் வெல்வார் என்றும் இல்லை: 2022 கத்தார் உலகக் கோப்பை தொடங்க இரண்டே நாள் இருக்கையில் மைதானங்களில் பீர் விற்பனை தடைசெய்யப்பட்டது, பட்வைசரால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

டிவியில் தெரியும் பலகை நேரில் வேறாக இருக்கிறதே?

கணினி மாற்றுகிறது. ஒரே ஆட்டத்தின் ஒரே பலகையில் ஒரு நாட்டுக்கு ஒரு நிறுவனமும் இன்னொரு நாட்டுக்கு வேறொன்றும் காட்டலாம். ஜெர்மன் கால்பந்திலும் வட அமெரிக்க ஐஸ் ஹாக்கியிலும் இது நடைமுறையில் இருக்கிறது.

ரசிகர்களால் எதையாவது மாற்ற முடியுமா?

முடிந்திருக்கிறது. பேயர்ன் மியூனிக் கிளப்பில் உறுப்பினர்களுக்கு வாக்கு உண்டு. கத்தார் ஏர்வேஸ் ஒப்பந்தத்தை எதிர்த்து 2021 பொதுக்குழுவில் அவர்கள் கூச்சலிட்டுக் கலகம் செய்தார்கள். 2023இல் ஒப்பந்தம் நீட்டிக்கப்படவில்லை. நியூகாசிலில் 2011இல் நூற்றாண்டுப் பழமையான செயின்ட் ஜேம்ஸ் பார்க்கின் பெயர் ஸ்போர்ட்ஸ் டைரக்ட் அரீனா ஆனது, ரசிகர்கள் ஓயவில்லை. மறு ஆண்டு வோங்கா என்ற நிறுவனம் பெயர் உரிமையை வாங்கிப் பழைய பெயரையே திரும்ப வைத்தது. ஆனால் வோங்கா, ஏழைகளுக்குக் கொள்ளை வட்டியில் கடன் கொடுத்த நிறுவனம். ரசிகர்களின் பாசத்தை வாங்க எவ்வளவு நுணுக்கமாகத் திட்டமிடுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க்கில் நடந்ததுதான் என்னை மிகவும் ஈர்த்தது. 2005இல் ரெட் புல் அந்த நகரத்துக் கிளப்பை வாங்கி, பெயரை மாற்றி, தலைமுறைகளாக இருந்த ஊதா நிறத்தை நீக்கிச் சிவப்பு வெள்ளை ஆக்கியது. பேச்சுவார்த்தை தோற்றதும் ரசிகர்கள் தாங்களே ஆஸ்திரியா சால்ஸ்பர்க் என்ற கிளப்பைத் தொடங்கி, ஊதாச் சட்டையோடு ஏழாவது டிவிஷனில் இறங்கினார்கள். அடுத்தடுத்து நான்கு முறை மேலே ஏறினார்கள். 2015இல் இரண்டாம் டிவிஷன்வரை வந்தார்கள். பணம் போதாமல் மறு ஆண்டே இறங்கவும் செய்தார்கள். கிளப் இன்றும் ஊதா நிறத்தில்தான் ஆடுகிறது.